மலையில் எதிர்காற்று இல்லை

தருவைகுளம் உப்பளப் பாதையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் போனால், திரும்பும்போது அதே காற்று வீடுவரை தள்ளிவிடும். போகும்போது நண்பன் காற்றுக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியே வருவான். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

திரும்புவது சுலபம் என்ற அந்தப் பழக்கத்தில்தான், அவனோடு மலைக்குப் போனபோது, காட்டுச் சரளைப் பாதையில் ஏரிவரை குஷியாக இறங்கிவிட்டேன். திரும்பும் வழி முழுக்க ஏற்றம். பாதியிலேயே கால் ஓய்ந்து, சைக்கிளை உருட்டினேன்.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த நண்பன் நின்றான்.

“ஏலே, நீ போயிரு. இருட்டுனா செக்போஸ்ட் கேட்டைப் பூட்டிருவாவ” என்றேன்.

அவனும் இறங்கி உருட்டினான். “ஊர்ல உன் பின்னால ஒளிஞ்சு வாரேன். இங்கன நான் முன்னால போயி மறைக்கதுக்குக் காத்தே இல்லியேலே. கூட நடக்கத்தான் முடியும்.”

கேட் பூட்டியிருந்தது. காவலர் கத்தத் தொடங்கியதும், அவன் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

இப்போதும் எதிர்காற்றில் நான்தான் முன்னால். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அவன் பின்னால் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.