எங்க சிஸ்டத்துல நல்லாத்தான் ஓடுது!

போன வாரம் இரும்புலியூரில் ஒரு மனிதரின் குரல் காணாமல் போனது. பறித்தது ஓர் அப்டேட்!

மூர்த்தி என் நண்பர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பேச்சு கிடையாது. லேப்டாப்பில் டைப் செய்வார். ஒரு சாஃப்ட்வேர் அதைப் பேசும். ஞாயிறன்று திருநீர்மலையில் மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். சபையில் "எங்களுக்குச் சம்மதம்" என்று தானே சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

வியாழக்கிழமை, புது வெர்ஷன் வந்திருப்பதாகத் திரையில் தகவல். நம்பி அமுக்கினார். அவ்வளவுதான்... சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. 'தேவையான லைப்ரரி வெர்ஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

நான் போனபோது பேப்பரில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அதென்ன லைப்ரரி?

கவிதா விளக்கினாள். "எல்லா சாஃப்ட்வேருக்கும் பொதுவா சில ஃபைல் கம்ப்யூட்டர்லயே இருக்கும் அங்கிள். அதான் லைப்ரரி. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க புது லைப்ரரி இருக்கிற மெஷின்ல செஞ்சு அனுப்பிட்டாங்க. அப்பா மெஷின்ல இருக்கிறது பழசு."

வாங்கியவரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? மேதைகளுக்கு எதற்கு அந்தச் சில்லறை வேலை!

கம்பெனிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு சப்போர்ட் இன்ஜினீயர்.

"மேடம், எங்க சிஸ்டத்துல நல்லாத்தான் ஓடுது."

"அப்போ எங்கப்பா பேசணும்னா உங்க ஆபீஸுக்குத்தான் வரணுமா சார்?"

அவரிடமிருந்து ஒரு யோசனை: "அந்த லைப்ரரி ஃபைலை மட்டும் புதுசா மாத்திப் போட்டுருங்க."

கவிதா தயங்கினாள், வேறு வழியின்றிப் போட்டாள். இப்போது லேப்டாப்பே எழுந்திருக்கவில்லை! மறுபடி கூப்பிட்டால், "அது எங்க ஸ்கோப்ல வராது மேடம்." பழைய வெர்ஷனாவது? "எடுத்துட்டோம்."

தன் மேஜையில் ஓடினால் ஊரெல்லாம் ஓடும் என்று நினைப்பதற்குப் பெயர் டெக்னாலஜியா? எங்கள் பக்கம் அதைத் திமிர் என்போம்.

பார்லர் அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் செய்துவிட்டு, கல்யாணப் பெண் சனிக்கிழமை முழுக்க லேப்டாப்புடன் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அழித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதிதாகப் போட்டாள். சாயங்காலம் சாஃப்ட்வேர் திறந்தது. பேசியும் விட்டது. ஆனால், குரல்? பழைய ஆண் குரலைத் தூக்கிவிட்டு, செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் ஒன்றை வைத்திருந்தார்கள்!

மூர்த்தி அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு. சபை. அந்தப் பெண் குரல் வணக்கம் சொன்னதும் பின்வரிசையில் கிளுக்கென்று சிரிப்பு. மூர்த்தியின் விரல்கள் நின்றன. கவிதா அவர் தோளில் கை வைத்தாள். அவர் மறுபடி டைப் செய்தார்.

"குரல் கம்பெனியோடது. சம்மதம் என்னோடது."

முதலில் கைதட்டியவர் மாப்பிள்ளையின் அம்மா.

திங்களன்று கம்பெனியிலிருந்து மெயில் – 'புதிய குரல் அனுபவம் எப்படி? ஸ்டார் கொடுங்கள்!' கவிதா படித்துக் காட்டினாள். மூர்த்தி ஒரே ஒரு வார்த்தை டைப் செய்தார். அதை இங்கே அச்சிட முடியாது... உச்சரிப்பு மட்டும் அவ்வளவு சுத்தம்!