ஏரியில் ஒரே ஒரு படகு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் சாவு விழுந்தால் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. இது அங்கே குழந்தைக்கும் தெரியும். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முனிகிருஷ்ணன் இறால் பிடிப்பவர். "எம் மூஞ்சிக்காவதான் எறா வலையில வுழுது" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள். அண்ணன் அப்பாவுவும் அவரும் ஒரே படகு, ஒரே வலை.

1976 பிப்ரவரி. மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அதைக் கண்டித்து பொன்னேரியில் ஊர்வலம் என்று பேச்சு அடிபட்டதுமே, மேடையேறிப் பேசத் தெரிந்தவர்களையெல்லாம் வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போனது போலீஸ். தப்பியவர் மீனவர் சங்கத் தலைவர் சடையப்பன் மட்டும். ஏரி நடுவே முள்மரம் மண்டிய ஒரு திட்டில் பதுங்கியிருந்தார். அங்கே சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. முனிகிருஷ்ணன்தான் வலைக்கடியில் குடத்தை மறைத்து எடுத்துப் போவார். அத்தனை படகுகளில் எந்தப் படகு என்று போலீசுக்குப் பிடிபடவில்லை. சந்தேகத்தில் அப்பாவுவை இழுத்துப் போய் அடித்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் ஏட்டு ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குப்பத்துக்குள் வந்தார்.

"அப்பாவு போய்ட்டான்மா. ஆஸ்பத்திரில வெச்சி. பாடிய சாயங்காலம் குடுப்பாங்க."

அப்பாவுவின் மனைவி செங்கம்மாள் கைகளைப் படகு விளிம்பில் மோதி வளையல்களை நொறுக்கினாள். படகுகளையெல்லாம் மணலில் ஏற்றினார்கள்.

முனிகிருஷ்ணன் அழுதுகொண்டே குடத்தை எடுத்தார். முந்தின நாளும் கரையில் காவல் இருந்ததால் திட்டுக்குப் போக முடியவில்லை. இன்று காவலைக் காணோம்.

"அண்ணி, அங்க ஒருத்தரு தண்ணி இல்லாம கெடக்குறாரு."

"இங்க ஒருத்தன் செத்தே கெடக்குறான். உங்கூடப் பொறந்தவன்."

"அவுரக் காட்டிக் குடுக்காமதான அண்ணன் செத்தான்? இப்ப அவுரு நாக்கு வறண்டு சாவணுமா?"

"போ. போனா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத."

போனார். அவ்வளவு பெரிய ஏரியில் அன்று ஒரே ஒரு படகு. சவுக்குத் தோப்பில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

சடையப்பன் குடத்தில் வாய் வைக்கும்போது மோட்டார் படகு திட்டைத் தொட்டது.

"குடிக்கட்டும்யா, வுடு," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு முனிகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "இன்னாடா அழுவுற? ஒங்கண்ணன் சாவலடா. லாக்கப்ல கஞ்சி குடிச்சிக்கினு இருக்கான்."

முனிகிருஷ்ணனுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல், மூக்கு ஒழுக, சிரித்தார். தன் கையில் விலங்கு பூட்டப்படும்போது சடையப்பன் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

"என்னயும் புடிச்சிக்கினு போங்க சார்."

"ஒன்ன எதுக்குடா? நீதான வழி காட்டுன. ஊட்டுக்குப் போ."

போலீஸ் கூட்டிப் போகாத ஒருவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குப்பத்தில் யாரும் முனிகிருஷ்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் கொடுக்கவுமில்லை.

அடுத்த வாரம் அப்பாவு விடுதலையாகி, காலை இழுத்துக்கொண்டு வந்தார். செங்கம்மாளின் வெறுங்கையைப் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து நின்றார்.

"நான் செத்துட்டேன்னு கேட்டப்புறமும் படகு எடுத்தியா?"

"எடுத்தேண்ணா. அவுருக்குத் தண்ணி…"

"இன்னா அடி தெரியுமாடா? அவ்ளோ அடிக்கும் நான் சொல்லல. நீ இட்டுக்கினு போய்க் காட்டிட்ட."

"தெரியாம போச்சிண்ணா."

அப்பாவு வலைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தார். இருவரும் சேர்ந்து பின்னிய வலையை நடுவில் அறுத்தார். அறுத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தன் பாதியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.

பாதி வலையை வைத்துக்கொண்டு, படகும் இல்லாமல், தனியாள் ஏரியில் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதமே முனிகிருஷ்ணன் மீஞ்சூருக்கு மூட்டை தூக்கப் போனார்.