மீசை வைத்த கே

பாகலூர் சாந்தம்மாவுக்குப் பெண்கள் இருவர். அப்பன் சென்னப்பன் ரோஜாத் தோட்டத்துக் கூலி. மூத்தவள் சுகுணா ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கப் போனாள். அந்தக் கைப்பழக்கத்தோடு பஸ் ஸ்டாண்டு ஓரம் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டுவிட்டாள். வந்த லேப்டாப்பைத் தடவி, "எங்க நோவுது கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பாள்.

இளையவள் சுஜாதா. அவளுக்கு வாய்த்தவன் மூர்த்தி, தேனிப் பக்கத்துப் பையன். சாந்தம்மாவின் அண்ணன் மருமகளுக்குச் சித்தி மகன். பிழைக்க ஓசூர் வந்து, லேத்தில் நின்று, இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானான். சுகுணாவை அவன் முதன்முதலில் "மதினி" என்று கூப்பிட்டபோது தெருவே சிரித்தது. இந்தப் பக்கம் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்!

அன்று காலை கடை திறந்ததும் இருவரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். சுஜாதாவின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, மத்தியானம் டைப்பிங் டெஸ்ட்டு. இது இப்பிடிப் பண்ணுது பாரு."

அந்த டெஸ்ட்டு என்றால் என்னவென்று குடும்பத்துக்கே தெரியும். சுஜாதாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். வேலை பார்க்கும் கம்பெனியில் லைனில் நின்று நின்று கால் பூசணியாக வீங்கிவிட்டது. அதே கம்பெனியில், ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலி. அதற்குத்தான் இந்தப் பரீட்சை. வீட்டிலிருந்தே சொந்த லேப்டாப்பில் ஆன்லைனில் எழுதலாம், வெளிக் கீபோர்டு மட்டும் மாட்டக் கூடாது.

சுகுணா திறந்தாள். திரை முழுக்க இங்கிலீஷ் 'கே' எழுத்து ஆலங்கட்டி மழையாகக் கொட்டியது.

"பால் கீல் கொட்டினியாடி?"

"இல்லக்கா."

"மாம்பழம் தின்ன கையோட தொட்டியா?"

"சாமி சத்தியமா இல்ல."

மூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

சுகுணா அடிமூடியைக் கழற்றி, கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் நாடாவை உருவினாள். மழை நின்றது. திரும்பச் செருகினாள், மறுபடியும் கொட்டியது.

"போர்டு நல்லாருக்கு. நோவு கீபோர்டுலதான். புதுசு பெங்களூர்லருந்து வரணும், நாளைக்கிதான் கிடைக்கும்."

சுஜாதா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"இருடி, பார்ப்போம்" என்று சுகுணா 'கே' பட்டனை நகத்தால் நெம்பினாள். அசையவில்லை. அமுங்கினது அமுங்கினபடியே இருந்தது. குனிந்து பார்த்தாள். சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் ஏதோ இருந்தது. முகர்ந்தாள்.

"மாப்பிள்ளை, ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

கழற்றினான்.

"பசை போட்டது யாரு?"

"மதினி… நேத்து தூசி தட்டையில பட்டன் கழண்டு விழுந்துருச்சு. எங்க லேத் பட்டறை மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். அவன்தான் ஒட்டச் சொன்னான்."

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'மெல்லகே ஒட்டு, கூத்கொள்ளுத்தே'ன்னான்."

சுகுணா ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, ஒட்டு இல்ல மாப்பிள்ளை, ஒத்து! கன்னடத்துல ஒத்துன்னா அமுக்குறது. மெதுவா அமுக்கு, தானா உக்காந்துக்கும்னு சொல்லியிருக்கான் பாவம்!"

"அவனுக்குப் பின்னாடி லேத் ஓடுச்சு, எனக்கு ஒட்டுன்னுதான் கேட்டுச்சு" என்றான். அழுதுகொண்டிருந்த சுஜாதா, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தாள். "கன்னடம் கத்துக்கிட்டேன் கத்துக்கிட்டேன்னு பீத்திக்கினே இருந்தியே!"

பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு அழிக்கும் மருந்து வாங்கிவர மூர்த்தி ஓடினான். பஞ்சு முனையில் தொட்டு, பட்டன் ஓரமாகச் சுகுணா சொட்டுச் சொட்டாய் விட்டாள். பசை இளகவே மத்தியானம் நெருங்கிவிட்டது. பட்டனின் மூடி வெந்த அப்பளமாகச் சுருங்கிப்போயிற்று. அடியிலிருந்த கவ்வியும் உடைந்தது. ஆனால் அதற்கும் கீழே இருந்த ரப்பர் குமிழ் பசை படாமல் தப்பித்து, புசுக்கென்று மேலே எழும்பியது. மழை நின்றே போயிற்று.

"ரப்பர் பொழச்சிக்கிச்சு. ஆனா மூடி இல்லியே!" என்று சுகுணா யோசித்தாள். பிறகு இடது மேல்மூலையில், யாருமே தொடாத பட்டன் ஒன்றை மெல்லக் கழற்றினாள். அதன்மேல் முறுக்கின மீசைபோல ஒரு குறி. அளவு அதேதான். கவ்வியோடு கொண்டுவந்து 'கே' இருந்த இடத்தில் வைத்தாள்.

"இப்ப நீங்களே ஒத்துங்க மாப்பிள்ளை."

மூர்த்தி பயந்து பயந்து விரலை வைத்து அமுக்கினான். 'டக்'கென்று உட்கார்ந்தது.

"கிருஷ்ணகிரின்னு இங்கிலீஷ்ல அடிடி."

சுஜாதா அடித்தாள். முதல் எழுத்தாக ஒரே ஒரு 'கே' வந்தது. ஒன்றே ஒன்று. மூவரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போக நேரமில்லை. கடையின் உள்தடுப்பிலேயே அவளை உட்காரவைத்தார்கள். மூர்த்தி வாசலில் நின்று, ஹாரன் அடித்த ஆட்டோக்காரனையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் ரவை பொரிவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

சுஜாதா எழுந்து வந்தாள். முகமெல்லாம் பல்.

"பாஸ்! திங்கக்கெழம ஸ்டோர்ஸுக்கு வரச் சொல்லி அதுலயே போட்டுட்டாங்க. ஏக்கா, அங்க ஸ்டூலு போடுவாங்களா, சேரா?"

"கை வச்ச சேர் கேளுடி."

"சக்கரம் வச்சதாக் கேளு" என்றான் மூர்த்தி.

"சரியா ஒருக்காச் சொல்லு" என்றாள் சுஜாதா. "நீ சொல்றதக் கேட்டுப் போயி, அவங்க கிட்ட நான் வேற ஏதாச்சும் கேட்டுத் தொலைக்கப் போறேன்."