சந்தனம் வைத்த ஹெட்லைட்

சுப்பராயலு கைவைத்த எந்தப் பொருளும் அதற்குப் பிறகு பழைய மாதிரி இருந்ததில்லை. ஊர் சொல்வதற்கு முன்னால் இதை அவரே சொல்லிவிடுவார். ஊர் சொன்னால் வலிக்கும், தானே சொன்னால் கூடச் சேர்ந்து சிரித்துவிடலாம் அல்லவா? பாகூர் ஏரிப் பாசனத்தில் மூன்று காணி அவருக்கு. இரண்டில் நெல், ஒன்றில் கரும்பு. வயது ஐம்பத்தெட்டு. விவசாயத்தில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார் என்றால் வீட்டில் இருப்பவர்கள் நல்ல பொருள்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

கூடத்து ஃபேனை அவர்தான் பிரித்து மாட்டினார். அன்றிலிருந்து அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. காற்றெல்லாம் மேலே போய் ஒட்டடையை ஆட்டுகிறதே தவிர, கீழே படுத்திருப்பவனுக்கு ஒன்றும் வருவதில்லை. மிக்சியையும் சரிசெய்தார். மூடியை ஒரு ஆள் அமுக்கிப் பிடித்தால்தான் அது ஓடும். சட்னி அரைக்கும் நேரத்தில் அவர் மனைவி ஜெயசுதா உள்ளேயிருந்து, "வாங்க, உங்க மிசினு உங்களத்தான் தேடுது" என்று கூப்பிடுவாள். அவரும் போய் அமுக்குவார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் வேறு இருந்தது. போன வருஷம் சாயங்கால வேளையில் ஓட்டும்போது ரோடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணில்தான் கோளாறு என்று கண் சிகிச்சை முகாமுக்குப் போனார். வலது கண்ணில் புரை இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்ப வண்டியை எடுத்தால், ரோடு அதே மங்கல்தான். நேரே டாக்டரிடம் போய், "புரைய எடுத்தீங்களா, இல்ல வுட்டுட்டீங்களா?" என்று கேட்டார். டாக்டர் பொறுமையாக எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார் சுப்பராயலு.

வெளியே வந்து காருக்கு முன்னால் நின்றபோதுதான் பார்த்தார். ஹெட்லைட் இரண்டும் வெயிலில் வெந்து, மஞ்சளேறி, உள்ளே பல்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தன. புரை அங்கேயும் இருந்திருக்கிறது. "காருக்கு வந்த வியாதிக்கு நான் போயி கண்ண அறுத்துக்கினேன்" என்று டீக்கடையில் அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர லைட்டை ஒன்றும் செய்யவில்லை.

வினை தை மாதத்தில் வந்தது. வில்லியனூரிலிருந்து பொழுது சாய்ந்து திரும்பும்போது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்றிருந்தது. ஜெயசுதா கத்தியிருக்காவிட்டால் நேராக அதன் மேல்தான். பிரேக்கை மிதித்ததில் வண்டி வரப்பில் ஏறி நின்றது. ஜெயசுதா இறங்கி, மிச்சமிருந்த தூரத்தை நடந்தே வீட்டுக்குப் போனாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் பேசினாள். "பொழுது சாஞ்சா இந்த வண்டில நான் ஏற மாட்டேன். எம் பொண்ணையும் ஏத்த மாட்டேன்."

அந்தப் பெண் அர்ச்சனா, ஒரே மகள், மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். சித்திரையில் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பிள்ளையார்குப்பத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். வலி எடுத்தால் யார் வண்டியில் போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது ஜெயசுதா யோசிக்கவே இல்லை. அடுத்த தெருவில் அவள் தம்பி அருள்முருகன் புதுக் கார் வைத்திருந்தான். "ஒரு போன் போடுங்க மாமா, அஞ்சு நிமிஷத்துல வாசல்ல நிப்பேன்" என்றான் அவன். நல்ல பிள்ளைதான். அதனால்தான் சுப்பராயலுவுக்கு இன்னும் எரிந்தது.

அர்ச்சனா பிறந்த அன்றைக்கு அவரிடம் வண்டி எதுவும் கிடையாது. யாரோ ஒருவருடைய வேனில் ஜெயசுதாவை ஏற்றி அனுப்பிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே போனார். வழியில் செயின் கழன்றது. கழன்ற செயினைச் சரிசெய்தவரும் அவர்தான் என்பதால் இன்னும் இரண்டு முறை கழன்றது. போய்ச் சேரும்போது மகளுக்கு இரண்டு மணி நேர வயது. இந்தத் தடவையும் பின்னாலேயே போவதா? முடியாது. இந்தக் காரில், தான் ஓட்டி, தன் மகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது அவருக்கு இருக்கவில்லை.

செல்போனில் ஒருவன் பற்பசையால் தேய்த்து அரைமணி நேரத்தில் ஹெட்லைட்டைப் பளிங்காக்கிக் காட்டினான். சுப்பராயலு வீட்டிலிருந்த முழு டியூபையும் பிதுக்கித் தேய்த்தார். பளபளவென்று வந்துவிட்டது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் மஞ்சள் அப்படியே திரும்பி வந்தது, வீட்டில் பல் விளக்கப் பற்பசை இல்லாமல் போனதுதான் மிச்சம்.

சரி, மேலாகத் தேய்த்தால் போதாது, அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். மாட்டுக்கொட்டகைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய உப்புத்தாள் கண்ணில் பட்டது. அதை எடுத்துக் கால்மணி நேரம் மூச்சுப் பிடித்துத் தேய்த்தார். ஹெட்லைட் குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அர்ச்சனா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து பார்த்தாள்.

"முன்னாடி மஞ்சளா இருந்துதுப்பா. இப்ப வெள்ளையா இருக்குது. முன்னேற்றந்தான்."

"சிரிக்காதடி. புள்ளைக்கு ஆவாது" என்றார் சுப்பராயலு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாகூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கண்ணையன் அந்த உப்புத்தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இது கதவுக்குப் போடற தாளுய்யா. லைட்டுக்கு வாட்டர் பேப்பரு. ஆயிரம் நம்பர்ல ஆரம்பிச்சு ரெண்டாயிரம் நம்பர் வரைக்கும், தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் தேய்க்கணும். ஒண்ணு போட்ட கீறல அடுத்தது எடுக்கும். அப்பறம் காம்பவுண்டுன்னு ஒரு பசை, அதப் போட்டு மெருகேத்தணும். கடைசியா இந்த ஸ்பிரே, கிளியர் கோட்டு. இத அடிச்சாதான் மஞ்சள் திரும்ப வராது. அடிச்சிட்டு ஒரு நாள் முழுக்க ஈ கூட உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்."

சுப்பராயலு வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை அப்படியே கேட்டார். பெயின்ட்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டினார். வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, மூன்று காலை தேய்த்தார். தாளின் கீழே பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, பிறகு பால் மாதிரி ஒழுகியது, அப்புறம் தெளிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஆயிரம் நம்பரில் அலுத்துப்போய் அடுத்ததற்குத் தாவலாமா என்று ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் தோன்றும். கூடத்து ஃபேனை ஒரு தடவை நினைத்துக்கொண்டு மறுபடியும் தேய்ப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் பழைய வேட்டித் துணியில் காம்பவுண்டைத் தொட்டு மெருகேற்றித் துடைத்தபோது, உள்ளே பல்பு தெரிந்தது. பல்புக்குப் பக்கத்தில் எப்போதோ செத்துக்கிடந்த ஒரு பூச்சியின் கால் வரைக்கும் தெரிந்தது. களத்துமேட்டிலிருந்து வந்த ஜெயசுதா நின்று குனிந்து பார்த்தாள். "பரவால்லியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முப்பது வருஷத்தில் அவர் செய்த ரிப்பேருக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. துடைத்த லைட்டையே அவர் இன்னொரு தடவை துடைத்தார்.

சாயங்காலம் ஸ்பிரே அடித்தார். ஈ கூட உட்காரக் கூடாது என்றாரே கண்ணையன்? கன்றுக்குட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். கோழிகளைக் கூடையில் கவிழ்த்தார். எதிர்வீட்டில் மாவு சலித்தவர்களைக்கூட உள்ளே போய்ச் சலிக்கச் சொன்னார். இத்தனையும் நினைத்தவருக்கு விடிந்தால் வெள்ளிக்கிழமை என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமையானால் ஜெயசுதா குளித்துவிட்டு, வீட்டில் உழைக்கிற பொருளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பம்புசெட்டு சுவிட்சுக்கு, கிரைண்டருக்கு, பீரோவுக்கு, கேஸ் அடுப்புக்கு, அந்த மிக்சிக்குக்கூட. காருக்கு மட்டும் தை மாதத்திலிருந்து வைப்பதில்லை. அவ்வளவு கோபம். அன்றைக்கு வைத்தாள். இரண்டு ஹெட்லைட்டிலும் மூன்று விரலால் சந்தனத்தை அழுந்த இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள்.

காற்றில் ஈரம் அதிகம், ராத்திரி முழுக்க ஸ்பிரே அடித்த பூச்சு காயவில்லை. சுப்பராயலு எழுந்து வந்து பார்த்தபோது சந்தனம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். ஜெயசுதாவின் விரல் ரேகை வரைக்கும் அப்படியே நின்றது.

"யாரு வெச்சது இது?"

"நாந்தான். இன்னா இப்போ?" என்றாள் ஜெயசுதா. "அஞ்சு மாசம் கழிச்சு மனசு வந்து வெச்சேன். அதுவும் குத்தமா?"

கோபம் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அஞ்சு மாசம் என்று அவள் சொன்னாள் பாருங்கள், அதிலேயே அது பாதி இறங்கிவிட்டது. தவிர, காய்கிறது தொடாதே என்று அவளிடம் சொல்லாத மடையன் யார்? கோழிக்குச் சொன்னவன் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தே பதினொரு மணியாக்கி, மறுபடியும் ஆயிரம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அர்ச்சனாவின் குரல் வந்தது. "அம்மா, வலிக்குதும்மா."

அருள்முருகன் சொன்னபடி அஞ்சு நிமிஷத்தில் வந்து நின்றான். "அக்கா, பின்னாடி ஏத்து, ஏசி போட்டிருக்கேன்" என்று கதவைத் திறந்தான். சுப்பராயலு நனைந்த தாளும் கையுமாக ஒதுங்கி நின்றார். வயலுக்குப் போகும் மொபெட்டின் சாவி எங்கே என்று அவர் கை தானாக இடுப்பைத் தடவியது. பின்னாலேயே போக வேண்டியதுதான்.

மகளைத் தாங்கிக்கொண்டு வந்த ஜெயசுதா வாசலில் நின்று இரண்டு வண்டிகளையும் பார்த்தாள். "இல்லடா. காலையில இதுக்குத்தான் கும்புட்டுப் பொட்டு வெச்சேன். கும்புட்ட வண்டிய வாசல்ல நிக்கவெச்சிட்டு வேற வண்டில ஏத்தக் கூடாது. நீ பின்னாடி வா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க, எடுங்க" என்றாள் கணவனிடம்.

எடுத்தார். பட்டப்பகல், சுள்ளென்று வெயில். ஹெட்லைட்டே இல்லாத வண்டிகூட அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூன்று நாள் தோளை ஒடித்தவனுக்கு மனசு கேட்குமா? வழி விடுவார்கள் என்று ஒரு சாக்கைச் சொல்லி லைட்டைப் போட்டார். வழியை ஒருவரும் விடவில்லை. எதிரில் வந்த ஒவ்வொருவரும் கையை நீட்டி, ஐந்து விரலையும் மூடி மூடித் திறந்தார்கள். லைட் எரிகிறது, அணை என்று அர்த்தம். பஸ் டிரைவர் காட்டினார், மீன்கூடையோடு ஸ்கூட்டரில் வந்த பெண் காட்டினாள், நாற்று ஏற்றிப்போன வண்டிக்காரன் காட்டினான். இந்த வெயிலில் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் எவ்வளவு வெளிச்சம்! சுப்பராயலு ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி நன்றி சொல்லிக்கொண்டே போனார்.

"நிறுத்துங்க அத, ஊரே சொல்லுது" என்றாள் ஜெயசுதா.

இரண்டு வலிகளுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அர்ச்சனா, "எரியட்டும்மா" என்றாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் காவல்காரரும் விரலை மூடித் திறந்தார். "சார், லைட்டு எரியுது."

"நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார் சுப்பராயலு.

"அப்பா!" என்று பின்னாலிருந்து மகள் அலறினாள்.

மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அதற்கு வயது பத்து நிமிஷம். சுப்பராயலு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எங்கேயும் போகவில்லை, எதற்கும் பின்னால் வரவில்லை. குழந்தையை வாங்கப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தான் கைவைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? ஜெயசுதாதான் கையைப் பிடித்து இழுத்து அதில் குழந்தையை வைத்தாள்.

மாப்பிள்ளை வந்து மகளுக்குத் துணையாக உட்கார்ந்த பிறகு, துணிமணியும் பிளாஸ்கும் எடுத்துவர ஜெயசுதா வீட்டுக்குக் கிளம்பினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுப்பராயலு சாவியைத் திருப்பினார். க்ளிக் என்றது. மறுபடி திருப்பினார், அந்தச் சத்தமும் வரவில்லை. வரும்போது போட்ட லைட்டை அணைக்கவே இல்லை, பேட்டரி செத்துவிட்டது.

காவல்காரர் நிதானமாக நடந்து வந்தார். "அப்பவே சொன்னேனே சார்."

"நீ மட்டுமா சொன்ன" என்றார் சுப்பராயலு. "பாகூர்லேர்ந்து எல்லாருந்தான் சொன்னாங்க."

அருள்முருகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் வண்டிக் கதவைத் திறந்தான். "அக்கா, நீ இதுல ஏறு. மாமா வண்டிய நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஜெயசுதா பழைய காரின் முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பொழுது சாஞ்சிடுச்சே" என்றார் சுப்பராயலு, ஜன்னல் ஓரம் குனிந்து.

"எனக்கும் கண்ணு இருக்குது. நீங்க ஏறுங்க" என்றாள் அவள். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னாள், "தள்ளுடா."