ஹோல்சர் மாஸ்ரர் கேட்க நினைத்த பாட்டு

ஹோல்சர் மாஸ்ரருக்கு முதலில் எங்களைக் கண்டாலே ஆகாது. மொன்றியலில், வில்லரேப் பக்கம் உள்ள அந்தப் பழைய கோவிலில் ஞாயிறு பின்னேரப் பூசையைத் தமிழருக்கென்று ஒதுக்கித் தந்தபோது, அங்கே பாடகர் குழுவை நடத்திவந்தவர் அவர்தான். குழுவில் இருந்த பிரெஞ்சுக்காரக் கிழவிகள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர, மாஸ்ரரும் ஓர்கனும் மட்டும் மிச்சம். நாங்களோ கீபோர்ட்டும் தபேலாவுமாய்ப் போய் இறங்கினோம். மேல்மாடியில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை தலையாட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் இறங்கி வந்தார்.

"எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறீர்கள். யாரைப் பார்த்துத் தொடங்குகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எங்கள் குழுவில் பிரெஞ்சு ஓடுகிற வாய் என்னுடையது. கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை, அங்கே பிள்ளைகளோடு மாரடித்துப் பழகியது. "ஒருத்தரையும் பாக்கிறேல்லை மாஸ்ரர். பக்கத்திலை நிக்கிறவ மூச்செடுக்கிற சத்தம் கேக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு அது கேட்கவில்லை" என்றார்.

பிறகு கொஞ்சங் கொஞ்சமாய்க் கதைத்தார். ஒஸ்திரியாவில் லின்ஸ் என்ற ஊரில் பாண் சுட்டு விற்கிற ஒரு போறணைக்காரரின் மகன். வியன்னாவில் படித்து, சின்னப் பட்டணமொன்றின் நாடக அரங்கில் இசைக்குழு நடத்தினார். அறுபதுகளில் மொன்றியலில் ஓர் அரங்கம் கூப்பிட, கப்பல் ஏறி வந்தார். அரங்கம் மூடுண்டது. அதன்பின் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள், பனிச்சறுக்கு விழாக்கள், ஊர்வலங்கள். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதிய இசைக்கே கோல் பிடித்த மனிதர், இளந்தாரியாய் இருந்தபோது தானும் ஒரு பூசைப் பாட்டு எழுதியிருந்தார். நூற்றுக்கணக்கான குரல்களுக்கென்று எழுதியது. காட்டிய இடமெல்லாம், இவ்வளவு பேருக்கு எங்கே போவது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"என் தலைக்குள் மட்டுந்தான் அது கேட்கிறது, இமெல்டா. வெளியில் இருந்து ஒரு தடவை கேட்கவேண்டும். வலது காது போய்விட்டது. இடது காதும் வருகிற மாரியைத் தாண்டாது என்கிறார் டொக்டர்."

எனக்கு மனம் தாங்கவில்லை. "நாங்கள் பாடுறம்" என்று சொல்லிவிட்டேன். குழுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற எங்கள் சொற்களுக்கு ஏற்றபடி சுரங்களை உடைத்துத் தந்தார். ஆனால் பாட்டு நாலு வழியாய்ப் பிரிந்து ஒன்றாய்ப் போகவேண்டும். இங்கேதான் வந்தது வில்லங்கம். எங்களுக்குத் தெரிந்தது ஒரே இராகம், ஒரே வழி. எங்கள் குழுவில் மூத்தவவான திரேசம்மா தன் வழியில் நாலு அடி போவதற்குள் பக்கத்து வழிக்குத் தாவிவிடுவா.

"திரேசக்கா, உங்கடை வழியிலை போங்கோவன்."

"வடிவானது பக்கத்திலை போகேக்கை நான் ஏன் பிள்ளை மற்றதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான்?"

கடைசியில் மாஸ்ரரே வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வழியையும் தனித்தனியாய்ப் பியானோவில் வாசித்தார், நான் பாடினேன். வழிக்கு ஒன்றாய் நாலு கசெற், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒட்டுத்தாள். ஒரு நிறத்தார் மற்ற நிறத்தைக் கேட்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தவக்காலம் முழுக்க மஞ்சளைக் கேட்ட திரேசம்மாவுக்கு, உலகத்திலேயே மஞ்சள்தான் பாட்டு. ஆனால் எங்கள் சனத்தின் கையில் கசெற் கிடைத்தால் சும்மா விடுமா? ரொக்ஸ்பரோவில் இருக்கிற தங்கச்சிக்கு ஒன்று, மச்சாளுக்கு ஒன்று என்று அவரவர் நிறத்துக்குப் பிரதி பறந்தது. திரேசம்மாவின் மனுசன் அம்புறோஸ் தன் டெலிவரி வானில் அதையேதான் ஓடவிட்டார். கட்டுப்பாடெல்லாம் குழுவுக்குத்தான். வீட்டாரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள். சைவக்காரரும் மெழுகுதிரியோடு வந்து நிற்க, கோவிலில் ஊசி குத்த இடமில்லை. மாஸ்ரர் கறுப்புக் கோட்டோடு எங்கள் முன்னால் நின்று கையை உயர்த்தினார். முதல் அடியைப் பாடினோம். அவர் இடது காதை எங்கள் பக்கம் சரித்தார். எங்கள் வாயையே பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று அந்த முகம் சொல்லிற்று. அவருடைய கைவீச்சுத் தானாகவே சுருங்கியது. எனக்கு அழுகை வந்தது.

'கிறிஸ்துவே' என்று இரண்டாம் அடி எடுத்தபோது, சனத்துக்குள் இருந்து அம்புறோஸின் குரல் மஞ்சளில் எழும்பியது. தெரிந்த பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்கள் கோவில்களில் கிடையாது. அந்தப் பக்க வாங்கு வரிசையில் நீலம். பின்னால் சிவப்பு. மேல்மாடியில் பச்சை. கெடுத்தார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் தாவவில்லை. மற்ற வழி அவர்களுக்குத் தெரிந்தால்தானே தாவ. கோவில் முழுக்க நாலு வழியாய்ப் பாடியது.

மாஸ்ரர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சனத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். அவருடைய முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை. தோள் குலுங்கியதைத்தான் பார்த்தோம்.

பாட்டு முடிந்தது. கை இறங்கவில்லை. "இமெல்டா, இன்னும் ஒரு தடவை" என்றார். சுவாமியாரைப் பார்த்தேன். அதற்குள் தபேலா அடுத்த பாட்டுக்குத் தட்டத் தொடங்கிவிட்டது.

மாரிக்கு முன்னமே இடது காதும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பாடுகிறோம், நாலு நிறமும். அவர் முன்னால் நின்று நடத்துகிறார். முடிந்ததும் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவார், இன்னும் ஒரு தடவை என்று. நாங்கள் இப்போது கண்ணைத் திறந்துகொண்டுதான் பாடுகிறோம். அவர் கை அசையும்வரை ஒருவரும் மூச்செடுப்பதில்லை.