தினமும் ஒரு தோத்திரம்

எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு சபையார் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது விதி. அம்மன் திருவிழாவில் தப்படித்ததற்காக விலக்கப்பட்டவர், எங்கள் தேயிலைத் தொழிற்சாலை வாச்சர். நரைத்த மீசை, காதை மூடிய மப்ளர். கொழுந்தெடுக்கப் போகும் தன் அக்காவைக் கண்டால், "தோத்திரம்க்கா" என்பார். சபையை விடாத அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

"விதி தெரியாதா?" என்று வாச்சரிடம் கேட்டேன். தோட்ட ஆபீஸில் விதிகளோடு காலம் தள்ளியவன் நான்.

"பேசக்கூடாதுன்னது அவங்களத்தானுங்க ஐயா. எனக்குத் தடை இல்லீங்களே. எனக்குன்னு இருக்கிறது அக்கா மட்டுந்தான்."

"மேன்முறையீடு செய்யலாமே?"

"அதைத்தானுங்க தினமும் செய்றேன்."

நடைமுறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா ஒருநாள் கூடையோடு நின்றுவிட்டாள். "என்னடா, மருந்து குடிச்சியா?" என்று பதில் வந்தது, தொண்டை கட்டி அவர் வாய் திறக்காமல் நின்ற அந்தத் திங்கட்கிழமை.