ஒன்பது மணிக்குத் திரும்பிய கோடு

1956ஆம் வருஷம் ஐப்பசி மழையில் வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஏரி ஒன்று உடைந்தது. ஊர் மேட்டில் இருந்தது. சேரி கரைக்குக் கீழே. அந்த ஏரிக்குக் காவல் ஆஞ்சப்பன்.

சேலம் போய் இண்டர்மீடியட் படித்தவன். சேரியிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் ஆள். கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டு இங்கிலீஷில் கோட்டை விட்டதால், திரும்பி வந்து அளவுக்கல்லில் நீர்மட்டம் பார்த்து எழுதும் வேலையில் சேர்ந்தான். ஓய்ந்த நேரத்தில் பழைய பாடப்புத்தகத்தை விரித்துக்கொள்வான். ஒரு கோடு எங்கே கிண்ணம்போல் வளைகிறது, எங்கே கவிழ்த்த சட்டிபோல் ஆகிறது, எந்தப் புள்ளியில் மாறுகிறது என்று வகைக்கெழு போட்டுக் கண்டுபிடிப்பதில் அவனுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு, விடிந்ததும் சேரியில் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பாறைமேட்டுக்குப் போய்விடலாம் என்று பேச்சு. ஆஞ்சப்பன் ஆறு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை கல்லைப் பார்த்தான். முதல் மணியில் ஏறியது இரண்டு அங்குலம், அடுத்ததில் நான்கு, அதற்கடுத்து ஏழு. ஒன்பதுக்குப் பிறகு ஐந்து, பிறகு மூன்று. தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறும் வேகம் குறைந்துவிட்டது. வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் இரண்டாம் வகைக்கெழு கூட்டலிலிருந்து கழித்தலுக்கு வந்துவிட்டது. ஒன்பது மணிதான் வளைவு மாறிய புள்ளி. கரை உச்சிக்கு இன்னும் இரண்டடி இருந்தது. அதற்குள் நின்றுவிடும் என்று முடிவு செய்தான்.

அவன் தங்கை நஞ்சம்மா பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். புருஷன் கரியப்பன் ஜூஜுவாடிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தான். துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலில் நின்று கேட்டாள்.

"ண்ணா, கெளம்பட்டுமா, இருக்கட்டுமா?"

"பச்ச ஒடம்பு, நனையாத. இனிமே பெருசா ஏறாது. கணக்கு போட்டுப் பாத்துட்டேன்."

அவளைப் பார்த்து இன்னும் சிலரும் மூட்டையைப் பிரித்தார்கள்.

பகல் இரண்டு மணி சுமாருக்கு, நான்கு மைலுக்கு அப்பால் மேல் ஏரி உடைந்தது. அந்தத் தண்ணீர் மொத்தமும் இந்த ஏரிக்குள் இறங்கியது. அளவுக்கல் மூழ்குவதைப் பார்த்து ஆஞ்சப்பன் கத்திக்கொண்டே ஓடினான். பாதிப்பேர் மேடேறிவிட்டார்கள். தங்கை வீட்டை அவன் எட்டுமுன் கரை பிளந்தது. மறுநாள் நஞ்சம்மாவை ஒரு கருவேல மரத்தடியில் கண்டெடுத்தார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மூன்றாம் நாள் கரியப்பன் வந்து எதிரே உட்கார்ந்து, அது என்ன கணக்கு, எனக்கும் சொல் என்றான். ஆஞ்சப்பன் ஈரமண்ணில் குச்சியால் கோடு வரைந்து, ஒன்பது மணிப் புள்ளியைத் தொட்டுக் காட்டினான். கரியப்பன் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கணக்கு சரிதானே, மச்சான்?"

"சரிதான்."

"மேல் ஏரிய போய்ப் பாத்தியா?"

"பாக்கல."

கரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பிறகு ஊருக்கு வரவில்லை.

கணக்கு தப்பாக இருந்திருந்தால்கூட ஆஞ்சப்பனுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். ஒருமுறை திரும்பிய கோடு மறுபடியும் திரும்பலாம் என்பதும் அவன் படித்ததுதான். புதுக்கரை கட்டிய பிறகும் அதே வேலையில் இருந்தான். மழை பிடித்தால் நான்கு மைல் நடந்து மேல் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து, எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொல்வான். வெறும் தூறலுக்கும் அதையே சொன்னான். சேரி ஜனங்கள் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, கிளம்பிப் போனார்கள்.